பால்டிமோர் பாலம் விழுந்த பிறகு பெரிய கப்பல் போக ஏன் 11 வாரம்?

சூரமங்கலம் செல்வம்:
மகன் கப்பல் படிப்புக்குத்தான் போவேன் என்று நிற்கிறான், வீட்டில் இப்போது அதே பேச்சு. 2024 மார்ச் 26 அன்று அமெரிக்காவின் பால்டிமோரில் டாலி என்ற கண்டெய்னர் கப்பல் மோதி பிரான்சிஸ் ஸ்காட் கீ பாலம் விழுந்ததே, அங்கே கப்பல் வழி முழுசாகத் திறக்க ஜூன் 10 ஆகிவிட்டது. அத்தனை வசதி இருக்கிற நாட்டில் வெடி வைத்துத் தகர்த்துக் கிரேனில் தூக்கினால் பத்து நாளில் முடியாதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரும்பாலை ரிட்டயர்டு:
தம்பி, முப்பது வருஷம் இரும்போடு கிடந்தவன் என்பதால் சொல்கிறேன். விழுந்த பாலத்தின் சட்டங்கள் தனித்தனியாகக் கிடக்காது, முறுக்கிக்கொண்டு ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்தபடி நிற்கும். எங்கே வெட்டினால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று கணக்குப் போடாமல் கட்டிங் டார்ச்சை வைத்தால் வெட்டுகிற ஆள் உயிர் போய்விடும். தரையிலேயே இப்படி. அங்கே பாதி தண்ணீருக்குள், மீதி சேற்றுக்குள். முங்குகிறவருக்குக் கை நீட்டும் தூரம்கூடச் சரியாகத் தெரியாது, மேலே சோனார் படத்தை, அதாவது ஒலி அலையால் தண்ணீருக்கடியில் எடுத்த படத்தைப் பார்த்து ஒருவர் சொல்லச் சொல்ல இவர் தடவிப் போக வேண்டும். மொத்தம் சுமார் 50,000 டன் அள்ளினார்கள். வெடியும் வைத்தார்கள், மே 13 அன்று, கப்பல் முகப்பின் மேல் கிடந்த பகுதியை அறுக்க மட்டும்.

ஏற்காடு மாலுமி:
ஐயா சொன்னது சரி. ஆனால் செல்வம் அண்ணா, 11 வாரமும் அடைத்தே கிடக்கவில்லை. ஏப்ரல் தொடக்கத்திலேயே ஓரமாக 11 அடி ஆழத்துக்கு ஒரு வழி விட்டார்கள், இழுவைப் படகும், பார்ஜ் என்கிற தட்டையான சரக்குப் படகும் போக. ஏப்ரல் 25 வாக்கில் 35 அடி. மே 20 அன்று டாலியை மிதக்கவிட்டு இழுத்துப் போன பிறகுதான் மிச்சத்தை அள்ள முடிந்தது, கடைசியில் பழையபடி 700 அடி அகலம், 50 அடி ஆழம்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. பாலத்தின் மேல் சாலைக் குழி அடைத்துக்கொண்டிருந்த ஆறு பேர் செத்தார்கள். ஆறாவது உடல் கிடைத்தது மே 7 அன்று. அதுவரை கண்ணை மூடிக்கொண்டு அள்ளிக் கொட்ட முடியுமா? கப்பலில் 20 இந்தியர்கள், ஓர் இலங்கைக்காரர். வெடித்த அன்றும் அவர்கள் கப்பலுக்குள்ளேயேதான் இருந்தார்கள். ஊரில் அவர்கள் வீட்டார் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று கடலில் இருந்த எனக்குத் தெரியும். கால அட்டவணையை மட்டும் பார்த்து மெதுவாகச் செய்தார்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சூரமங்கலம் செல்வம்:
நன்றி தம்பி, அந்த ஆறு பேர் விஷயம் மனசைப் பிசைகிறது. கரண்ட் போனதால்தான் மோதியது என்கிறார்களே, எதனால்?

ஏற்காடு மாலுமி:
ஒரே ஒரு ஒயர். அதன் நுனியில் மாட்டிய லேபிள் சரியான இடத்தில் இல்லாததால் ஒயர் முழுசாக உள்ளே போகவில்லை, அது விலகியதும் பிரேக்கர் விழுந்து கப்பல் இருண்டுவிட்டது என்று 2025 நவம்பரில் அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் சொன்னது. உங்கள் மகனுக்கு எலக்ட்ரிகலில் ஆர்வம் இருந்தால் இ.டி.ஓ., அதாவது கப்பலின் மின்சாதனங்களைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி, அந்தப் படிப்பையும் விசாரியுங்கள். கப்பல் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த கல்லூரிதானா என்று பார்த்துவிட்டு மட்டும் பணம் கட்டுங்கள் அண்ணா.