மில்லேனியம் ஃபோர்ஸ்: முன் வரிசையில் ஒரு தடவை, பின் வரிசையில் ஒரு தடவை

ரோலர் கோஸ்டரில் ஏறிய அனுபவத்தை இங்கே எழுதியவர்களில் பெரும்பாலோர் அதன் உயரத்தைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். உயரத்தைவிட எந்த வரிசையில் உட்காருகிறோம் என்பதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றியது.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தின் சாண்டஸ்கியில், ஈரி ஏரிக்குள் நீண்டிருக்கும் நிலத்தில் இருக்கிறது சீடர் பாயின்ட் கேளிக்கைப் பூங்கா. அமெரிக்காவில் படிக்கும் அக்கா மகன்தான் கூட்டிப் போனான். அந்தப் பூங்காவின் மில்லேனியம் ஃபோர்ஸ் கோஸ்டர் 2000 மே மாதம் திறக்கப்பட்டது. உயரம் 310 அடி. புறப்பட்ட இடத்துக்கே முழுச் சுற்று வரும் ரோலர் கோஸ்டர்களில் 300 அடியைத் தாண்டிய முதல் ஆள் இதுதான். அதே வருஷம் ஆகஸ்டில் ஜப்பானின் ஸ்டீல் டிராகன் அந்த உயரத்தை முந்திவிட்டது.

முதலில் முன் வரிசை. பெல்ட்டைப் போட்டதும் மடிமேல் ஒரு கம்பியை அழுத்துகிறார்கள், அவ்வளவுதான். தோளைப் பிடிக்க ஒன்றும் கிடையாது. பழைய கோஸ்டர்களில் சங்கிலி கடகடவென்று மெதுவாக இழுக்குமே, அந்தச் சத்தத்திலேயே மனசு கொஞ்சம் தயாராகிவிடும். இதில் அதற்கு வழியில்லை. கேபிள் ஒன்று 45 டிகிரி ஏற்றத்தில் சரசரவென்று மேலே கொண்டுபோகிறது. ஏரியின் நீலத்தைப் பார்த்து முடிப்பதற்குள் உச்சி வந்துவிட்டது.

அங்கே ரயில் ஒரு கணம் தயங்குகிறது. நாம் விளிம்பைத் தாண்டிவிட்டோம், பின்பெட்டிகள் இன்னும் ஏறிக்கொண்டிருக்கின்றன. எட்டிப் பார்த்தால் தண்டவாளத்தையே காணோம்! சரிவு 80 டிகிரி. எனக்கு ஈரக்குலை நடுங்கியது அந்த இடத்தில்தான். அப்புறம் 300 அடி இறக்கம், மணிக்கு 150 கிலோமீட்டர். காற்றில் கன்னச் சதை படபடக்கிறது, கண்ணில் நீர் காதுப் பக்கம் ஓடுகிறது. கீழே வளைந்து மேலெழும்போது உடம்பு இரும்பாய்க் கனத்து, பார்வை லேசாக இருட்டியது.

"மாமா, இது ஒண்ணுமே இல்ல, பின்னாடி வாங்க" என்றான் பையன். சரி என்று மறுபடி வரிசையில் நின்றோம்.

பின்னால் கதையே வேறு. ஒன்பது பெட்டிகளில் முன்னால் உள்ளவை விழத் தொடங்கியதும் அவற்றின் எடை கடைசிப் பெட்டியைப் பிடித்து இழுக்கிறது. தயக்கமெல்லாம் கிடையாது. உச்சியைத் தாண்டுவதற்குள்ளேயே பறிபோகிறோம். இருக்கையை விட்டு உடம்பு எழும்பி, தொடை கம்பியில் போய் முட்டியது. நான் கத்தினேனா என்று எனக்கே தெரியவில்லை, கத்தியதாகப் பையன் சொல்கிறான்.

அதற்குப் பிறகு பக்கவாட்டில் 122 டிகிரி சாயும் திருப்பம், குகைகள், சின்ன மேடுகள். தலைகீழாக எங்கேயும் சுற்றுவதில்லை. கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர் ஓடியும் வேகம் குறைந்த மாதிரியே இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஒரே இறக்கத்தோடு ஓய்ந்துபோகிற கோஸ்டர்கள் நிறைய உண்டு, இது அந்த ரகம் இல்லை.

முதல் தடவை போகிறவர்கள் முன் வரிசைக்கே நில்லுங்கள், காத்திருப்பு கூடுதலானாலும் பரவாயில்லை. அந்தத் தயக்கம் பின்னால் கிடைக்காது. ஸ்டீல் டிராகனில் ஏறியவர்கள் யாராவது இருந்தால், அங்கே எந்த வரிசை நல்லது என்று எழுதுங்களேன்.