மியூட்டஜென்: திரிபூக்கி எனலாமா?

வணக்கம் ஐயா.

மரபணுவில் மாற்றத்தைத் தூண்டும் பொருளாகிய மியூட்டஜெனுக்குத் தாங்கள் முன்வைத்த "சடுதிமாற்றக் காரணி" பாடநூல்களில் பழகிய சொல்தான். எனினும் வேதிச்சேர்மங்களைச் சோதிக்கும் இடத்தில் அது போதவில்லை. சடுதி என்பது மாற்றம் தோன்றும் விரைவைக் குறிக்கிறதே தவிர, அது எத்தகைய மாற்றம் என்பதைக் கூறுவதில்லை. "மரபணு மாற்றி" என்றாலோ மரபணு மாற்றப் பயிர்களோடு குழம்பிவிடும்.

நான் "திரிபூக்கி" என்பதை முன்மொழிகிறேன். சொற்கள் புணரும்போது எழுத்து திரியும் வழிகளாக மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் என மூன்றைத் தொல்காப்பியம் கூறுகிறது. டிஎன்ஏ வரிசையிலும் அதன் எழுத்துகள் போன்ற காரங்களுள் (base) ஒன்று வேறொன்றாகிறது, அல்லது கூடுகிறது, அல்லது குறைகிறது. ஒரு சேர்மம் திரிபூக்கியா என்று அறிய, அமெரிக்க உயிர்வேதியியலாளர் புரூஸ் ஏம்ஸ் 1970களில் பெர்க்கிலியில் வகுத்த சோதனையைப் பாருங்கள். ஹிஸ்டிடினைத் தானே ஆக்க இயலாத சால்மோனெல்லா பாக்டீரியாவை, அந்த அமினோ அமிலம் மிகச் சிறிதளவே உள்ள தட்டில் ஆய்வுக்குரிய சேர்மத்தோடு சேர்த்துப் பரப்பினால், இழந்த ஆற்றலை மீளப் பெற்ற செல்களே கூட்டங்களாகப் பெருகித் தெரிகின்றன. இச்சோதனைக்குரிய சால்மோனெல்லா வகைகளுள் டிஏ100 பெரும்பாலும் மெய்பிறிதாதலையும், டிஏ98 மிகுதல் குன்றல்களையும் காட்டித் தருகின்றன. இந்த மீட்சியை "மீள்திரிபு" எனலாம்.

மரபணுத் திரிபுக்கு இலங்கையில் வழங்கும் "விகாரம்" என்பதும் நன்னூல் வழிவந்த இலக்கணச் சொல்லே. தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றும் அதில் அடங்கும். ஆயினும் பேச்சில் அது அழகின்மையைச் சுட்டுவதால், ஒரு நோயாளியின் மரபணு அறிக்கையில் அதை எழுத என் மனம் ஒப்பவில்லை.

தாவரச் சோதனையில் ஒரு வேறுபாட்டைக் காக்க வேண்டும். வெங்காய வேர்நுனியில் நாம் காண்பது எழுத்துத் திரிபன்று, குரோமோசோம் முறிவு. மலீயிக் ஐதரசைடு என்னும் தாவர வளர்ச்சித் தடுப்பி அவரையின வேர்களில் குரோமோசோம்களை முறிக்கிறது. அத்தகையவற்றை "முறிப்பி" என்று தனியே குறிக்கலாம்.

மியூட்டஜெனிசிட்டி என்பதற்குத் "திரிபூக்கத் தன்மை" என்பதினும் "திரிபூக்கத் திறன்" சிறந்தது. சோடியம் அசைடு என்னும் சேர்மத்தைப் பார்லியும் சால்மோனெல்லாவும் தமக்குள் அசைடோஅலனினாக மாற்றுகின்றன. மரபைத் திரிப்பது அதுவே. பாலூட்டிச் செல்களில் அசைடின் விளைவு மிகக் குறைவு. தன்மை என்றால் அது சேர்மத்திலேயே உறைவதாகப் பொருள்படும். செல்லுக்குள் மாற்றப்பட்ட பிறகே திரிபூக்கும் அசைடு போன்றவை "முன்திரிபூக்கி" ஆகட்டும்.

கொரோனாக் காலத்தில் வைரசு வகைகளையும் திரிபு என்றே எழுதினோம் என்பதை மறக்கவில்லை. அவற்றுக்கு "வேற்றுரு" என்பதை வழங்கினால் திரிபு நிகழ்வையும், வேற்றுரு அதன் விளைவையும் குறிக்கும். இப்பிரிப்பைத் தாங்கள் ஏற்கிறீர்களா?