காரை விழுகிற லைன் வீடு: புகார் கொடுக்கலாமா, காலி செய்யலாமா?

பனியன்காரன்:
திருப்பூரில் லைன் வீட்டில் (வரிசையாக ஒட்டிக் கட்டிய வாடகை வீடுகளில் ஒன்றில்) குடியிருக்கிறோம். சமையலறை மேல்தளத்தில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. மழை பெய்தால் சுவிட்ச் போர்டை ஒட்டித் தண்ணீர் இறங்குகிறது. சுவரில் கை வைத்தாலே சுர்ரென்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால் "பிடிக்கலைன்னா காலி பண்ணிக்குங்க" என்கிறார். என்ன செய்யலாம்?

காங்கேயம் ரோடு:
புகாரெல்லாம் வேண்டாங்க தம்பி. எழுத்தில் அக்ரிமெண்ட் இருக்காது, அட்வான்ஸ் அவர் கையில். புகார் என்று போனால் அந்த வீதியில் அப்புறம் யார் வீடு தருவார்கள்? சத்தமில்லாமல் வேறு வீடு பாருங்க.

நொய்யல்கரை:
நீங்கள் காலி செய்த மறுவாரமே கைக்குழந்தையோடு இன்னொரு குடும்பம் அங்கே வந்து இறங்குமே, அவர்கள் கதி? 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் சுற்றுச்சுவர் சரிந்து 17 பேர் செத்தார்கள். அந்தச் சுவரைப் பற்றி முன்பே முறையிட்டோம் என்று அங்கிருந்தவர்கள் கதறினார்கள். சொல்லியே அந்த நிலைமை என்றால், சொல்லாமல் போனால்?

2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. கட்டடப் பழுதும் ஒயரிங்கும் உரிமையாளர் பொறுப்பு. கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் போகலாம்.

வாடகைக்கு விடுகிறவன்:
எங்கள் பக்கமும் கேளுங்க. லைன் வீட்டு வாடகைக்குத் தளம் முழுக்கத் தட்டிப் பூசக் கட்டுபடி ஆகாது. ஆபீசர் வந்து இடிக்கச் சொன்னால் அத்தனை குடும்பமும் தெருவுக்குத்தான் வரும். பேசித் தீர்ப்பதே நல்லது.

நொய்யல்கரை:
தளத்துக்குச் செலவு ஆகும், சரிங்க. ஷாக் அடிப்பதற்கு? எர்த் பார்த்து, கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்சை மாட்ட எலக்ட்ரீஷியனுக்கு ஒரு நாள் வேலை. அதைக்கூடச் செய்யாமல் காலி பண்ணு என்றால், அப்புறம் என்ன பேச்சுவார்த்தை?

தம்பி, அந்த போர்டைத் தொடாதீங்க, மெயினை அணைத்து வையுங்க. அடுப்பை வேறு இடத்துக்கு மாற்றுங்க. கம்பி தெரிகிற இடத்தையும் ஈரச் சுவரையும் படமெடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்க, எழுத்தில் இருக்கட்டும். வாடகை ஜிபேயில் போயிருந்தால் அதுவும் சாட்சிதான். அவர் அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு, நகல் மாநகராட்சிக்கு. ரசீது வாங்காமல் திரும்பாதீங்க.

காங்கேயம் ரோடு:
மனு கொடுங்க, தடுக்கவில்லை. வேறு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு கொடுங்க என்றுதான் இப்போதும் சொல்வேன்.

பனியன்காரன்:
படம் அனுப்பிவிட்டேனுங்க. மனுவில் தானும் கையெழுத்துப் போடுவதாகப் பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருக்கிறார்.