'யெஸ் மினிஸ்டர்' இன்னும் பழசாகாதது ஏன்?

கேள்வி:

பிபிசியின் 'யெஸ் மினிஸ்டர்', 'யெஸ், பிரைம் மினிஸ்டர்' ஆகிய இரு அரசியல் நகைச்சுவைத் தொடர்களையும் அண்மையில்தான் முழுமையாகப் பார்த்து முடித்தேன். 1980 பிப்ரவரியில் தொடங்கி 1988 ஜனவரியில் முடிந்த இவற்றில், 1984இல் வந்த கிறிஸ்துமஸ் சிறப்புப் பகுதியையும் சேர்த்து மொத்தம் 38 பகுதிகள். பெரும்பாலான காட்சிகளில் இரண்டு மூன்று பேர் ஓர் அறையில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அவர்கள் கவலைப்படும் பனிப்போர் முடிந்துவிட்டது, ஐரோப்பியப் பொதுச் சந்தையிலிருந்து பிரிட்டன் விலகியும் விட்டது. ஆனாலும் ஒரு பகுதிகூட எனக்குப் பழையதாகத் தோன்றவில்லை. அதே காலத்தில் ஐடிவியில் வந்த 'ஸ்பிட்டிங் இமேஜ்' பொம்மலாட்டத்தைப் பார்த்தபோதோ, எந்தப் பொம்மை எந்த அமைச்சர் என்று தேடித் தெரிந்துகொண்ட பிறகே சிரிக்க முடிந்தது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

முதல் மறுமொழி:

நண்பரே, விடை தங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. ஆன்டனி ஜேவும் ஜொனாதன் லின்னும் ஆட்களைக் கேலி செய்யவில்லை; இரண்டு நாற்காலிகளுக்கு இடையிலான இழுபறியை எழுதினார்கள். தொடரின் அமைச்சர் ஜிம் ஹேக்கர் எந்தக் கட்சிக்காரர் என்று கடைசிவரை சொல்லப்படுவதில்லை. அவருடைய நிர்வாக விவகாரத் துறையும் கற்பனையே. அமைச்சர் இன்று இருப்பார், நாளை மாற்றப்படுவார்; துறையின் தலைமை அதிகாரியான நிரந்தரச் செயலாளர் சர் ஹம்ப்ரியோ அடுத்து வருபவரையும் அதே புன்னகையோடு வரவேற்பார். முன்னோட்டப் பகுதி தயாரான பிறகு, 1979 பொதுத் தேர்தலின் முடிவை அது பாதித்துவிடக்கூடும் என்று பிபிசி அதன் ஒளிபரப்பைத் தள்ளிவைத்தது. தொடர் திரைக்கு வந்தபோது ஆட்சியே மாறியிருந்தது. ஆனாலும் நகைச்சுவை அப்படியே பொருந்தியது.

அடித்தளமும் உண்மையானது. பிரதமர் ஹெரால்ட் வில்சனின் அரசில் அமைச்சராக இருந்த ரிச்சர்ட் கிராஸ்மனின் நாட்குறிப்புகள், அமைச்சரும் அதிகாரிகளும் ஒருவரையொருவர் எப்படிச் சமாளித்தார்கள் என்பதை வெளிப்படையாகப் பதிவு செய்தவை. அவை நூலாக வெளிவருவதைத் தடுக்க அரசு நீதிமன்றம் வரை சென்று தோற்றது. இத்தொடருக்கு முக்கியமான ஊற்று அதுதான்.

நோயாளியே இல்லாத மருத்துவமனை வரும் பகுதியை நினைத்துப் பாருங்கள். ஐந்நூறு நிர்வாகப் பணியாளர்கள் ஓய்வின்றி உழைக்கிறார்கள், கோப்புகள் ஒழுங்காக நகர்கின்றன, கட்டடம் பளபளக்கிறது. இதில் என்ன குறை என்று அதை நடத்துபவர்களுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. அமைப்பு தன் நோக்கத்தை மறந்து தன்னைப் பேணுவதிலேயே மூழ்கிவிடும் இந்த நிலை எந்த ஓர் ஆண்டுக்கும் உரியதன்று.

இரண்டாம் மறுமொழி:

மேலே சொன்னது சரி, ஆனால் மொழியை விட்டுவிட்டீர்கள். ஹம்ப்ரி பொய் சொல்வது அரிது. உண்மையை வாக்கியத்துக்குள் புதைத்துவிடுவார். துணைவாக்கியத்துக்குள் துணைவாக்கியமாக வளரும் அந்த நீண்ட விளக்கங்களை ஹம்ப்ரியாக நடித்த நைஜல் ஹாதோர்ன் தடுமாறாமல் சொல்லி முடிக்கும்போது, பார்வையாளர்கள் பலமுறை கைதட்டிவிடுகிறார்கள். அந்த வேடத்துக்காக அவருக்கு நான்கு முறை பிரிட்டனின் பாஃப்டா தொலைக்காட்சி விருது கிடைத்தது. ஹேக்கராக நடித்த பால் எடிங்டனின் முகமும் அதே அளவு முக்கியம்: தம் முடிவு 'துணிச்சலானது' என்று பாராட்டப்பட்டதும், அது தேர்தலில் தோற்கடிக்கக்கூடிய முடிவு என்பது ஹேக்கருக்கு மெல்ல உறைப்பதை அந்த முகத்தில்தான் பார்க்கிறோம். இருவருக்கும் கடமைப்பட்டு நடுவில் தவிக்கும் அமைச்சரின் தனிச் செயலாளர் பெர்னார்டின் இடத்தில்தான் நாம் அமர்ந்திருக்கிறோம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

மூன்றாம் மறுமொழி:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. இத்தொடர் கட்சி சாராதது என்பது முழு உண்மையன்று. அரசு ஊழியர் தம் துறையின் நலனையே நாடுவர் என்ற பார்வை அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சரின் அரசுக்கு மிகவும் உவப்பானது. தாட்சர் இத்தொடரை விரும்பிப் பார்த்ததோடு, 1984இல் இதன் நடிகர்களுடன் ஒரு குறுநாடகத்தில் தாமே நடித்தார். இந்தத் தொடரை நான் மிகவும் நேசிக்கிறேன். அதனால்தான் இதையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்கிறேன்.

அதிகாரத்தின் இருப்பிடமும் மாறிவிட்டது. 2005இல் தொடங்கிய 'தி திக் ஆஃப் இட்' தொடரில் அமைச்சரை ஆட்டுவிப்பவர் நிரந்தரச் செயலாளர் அல்லர். மறுநாள் செய்தித்தாளின் தலைப்புக்காகவே வாழும், பிரதமர் அலுவலகத்தின் தகவல் தொடர்பு இயக்குநர் மால்கம் டக்கர். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், கால் நூற்றாண்டில் பிரிட்டிஷ் அரசுத் துறைகள் இயங்கும் வொயிட்ஹாலில் எது மாறியது என்பது தெளிவாகத் தெரியும்.

'ஸ்பிட்டிங் இமேஜ்' மீது மட்டும் சற்றுக் கடுமையாக இருக்கிறீர்கள். அது அந்தந்த வாரத்துக்காகச் செய்யப்பட்டது, அந்த வாரத்தில் அதன் அடி பலமாக விழுந்தது. 1962இல் தொடங்கிய 'தட் வாஸ் தி வீக் தட் வாஸ்' என்ற பிபிசியின் அரசியல் கேலி நிகழ்ச்சியும் அப்படித்தான். 1964 தேர்தல் ஆண்டு என்பதைக் காரணம் காட்டி, 1963 இறுதியிலேயே பிபிசி அதை நிறுத்திவிட்டது.