வாடகைக்கு விட்ட டொமைன்: வக்கீல் நோட்டீஸ் எனக்கு வந்திருக்கிறது, என்ன செய்யலாம்?

திண்ணைவாசி:
நண்பர்களே, கொஞ்சம் அவசரமான சந்தேகம். சும்மா கிடந்த ஒரு டாட் காம் டொமைனை (இணையதளப் பெயரை) மாத வாடகைக்கு விட்டிருக்கிறேன். பொதுவான இரண்டு சொற்கள் சேர்ந்த பெயர்தான். ரெஜிஸ்ட்ரார் (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) கணக்கு என்னிடமே இருக்கிறது. வாடகைக்கு எடுத்தவர் தந்த நேம்சர்வரை (அந்தப் பெயர் எந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்று காட்டும் சர்வரை) மட்டும் போட்டுக் கொடுத்தேன். இப்போது ஒரு நிறுவனத்தின் வக்கீலிடமிருந்து மெயில். தங்கள் லோகோவைப் போட்டு அந்தத் தளத்தில் போலிப் பொருள் விற்கப்படுகிறதாம். ஸ்கிரீன்ஷாட், ட்ரேட்மார்க் சான்றிதழ் எல்லாம் இணைத்திருக்கிறார்கள். தளத்தை நடத்துவது நான் இல்லையே, என் மேல் எப்படிப் பொறுப்பு வரும்? எடுத்தவரிடம் கேட்டால் "பார்த்துக்கலாம்" என்கிறார்.

வேகப்பந்து:
வம்பே வேண்டாம். டொமைனை வேறு ரெஜிஸ்ட்ராரில் வேறு பெயருக்கு மாற்றிவிடுங்கள். யாரும் தேடி வர மாட்டார்கள்.

பெயர்ப்பலகை:
வேகப்பந்து சொன்னதை மட்டும் செய்துவிடாதீர்கள். நோட்டீஸ் வந்த பிறகு பெயரை மாற்றினால் ஓடி ஒளிகிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். யூடிஆர்பி (டொமைன் பெயர்த் தகராறுகளை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கும் முறை) வழக்குகளில் அதையே கெட்ட எண்ணத்துக்குச் சாட்சியாக வைத்த தீர்ப்புகள் உண்டு. வழக்கு பதிவாகிவிட்டால் டொமைனைப் பூட்டிவிடுவார்கள், அப்புறம் எங்கும் நகர்த்த முடியாது.

திண்ணைவாசி, உங்கள் ரெஜிஸ்ட்ராரின் பதிவு ஒப்பந்தத்தைத் திறந்து, டொமைனை மூன்றாம் நபருக்கு உரிமம் கொடுப்பது பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள். ஐகேனின் (உலக அளவில் டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் அமைப்பு) 2013 ரெஜிஸ்ட்ரார் ஒப்பந்தத்தில் 3.7.7.3 என்றொரு பிரிவு இருக்கிறது. டாட் காம் போன்ற பொது டொமைன்களை விற்கும் ரெஜிஸ்ட்ரார்கள் அதைத் தங்கள் வாடிக்கையாளர் ஒப்பந்தத்திலும் சேர்த்தாக வேண்டும். அது சொல்வது இதுதான்: யார் பயன்படுத்தினாலும் பதிவில் பெயர் உள்ளவரே டொமைனுக்கு உரியவர். தவறான பயன்பாட்டால் வரும் பாதிப்புக்கும் அவரே பொறுப்பு. ஒரே விதிவிலக்கு, பாதிக்கப்பட்டவர் நியாயமான ஆதாரம் காட்டிக் கேட்டால், 7 நாளுக்குள் வாடகைக்கு எடுத்தவர் யார், அவர் தந்த தொடர்பு விவரம் என்ன என்று சொல்லிவிட்டால் அந்தப் பொறுப்பு வராது.

ஸ்கிரீன்ஷாட்டும் சான்றிதழும் ஆதாரமாகத்தான் எடுக்கப்படும். மெயில் வந்த நாளிலிருந்து அந்த 7 நாள் கணக்கு ஓடுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 'பார்த்துக்கலாம்' சொன்னவருக்காகக் காத்திருக்காதீர்கள்.

திண்ணைவாசி:
நன்றி அண்ணா, இப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. விவரத்தைக் கொடுத்துவிட்டால் நான் தப்பித்துவிடுவேனா? இன்னொன்று, நான் உடனே நேம்சர்வரை மாற்றித் தளத்தை நிறுத்தலாமா? எங்களுக்குள் ஒப்பந்தம் என்று இருப்பது, வாடகைத் தொகை பற்றிய நாலு வரி மெயில்தான்.

பெயர்ப்பலகை:
முழுக்கத் தப்பித்ததாகச் சொல்ல முடியாது. யூடிஆர்பி புகார் வந்தால் பதிவில் உள்ள உங்கள் மேல்தான் வரும். புகார்தாரர் மூன்றையும் நிரூபிக்க வேண்டும்: பெயர் அவர்கள் ட்ரேட்மார்க்கோடு குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, உங்களுக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பதிவும் செய்து பயன்படுத்தியும் இருக்கிறீர்கள். கடைசியில் 'பதிவும்' என்பது முக்கியம். அவர்கள் ட்ரேட்மார்க் உருவாகும் முன்பே நீங்கள் வாங்கிய டொமைன் என்றால் அது நல்ல வாதம். வாங்கிய ரசீதைத் தேடி எடுங்கள். ஆனால் வேறொருவரிடமிருந்து வாங்கியிருந்தால், அவர் பதிவு செய்த தேதி உதவாது, உங்கள் கைக்கு வந்த தேதியைத்தான் பார்ப்பார்கள். பதில் போட 20 நாள் கிடைக்கும். தோற்றால் டொமைன்தான் போகும், நஷ்டஈடு அந்த வழியில் கிடையாது. அதற்கு நீதிமன்றம் போவார்கள். அமெரிக்காவில் 1999-ல் வந்த சட்டப்படி ஒரு டொமைனுக்கு 1,000 முதல் 1,00,000 டாலர் வரை நீதிமன்றம் விதிக்கலாம்.

தளத்தை நிறுத்துவது பற்றி: முதலில் இப்போதைய டிஎன்எஸ் பதிவுகளையும் (டொமைன் எந்தச் சர்வருக்குப் போகிறது என்ற குறிப்புகள்) தளத்தின் பக்கங்களையும் தேதியோடு சேமித்துவிடுங்கள். நிறுத்திய பிறகு உங்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது.

குத்தகைச்சீட்டு:
நிறுத்துவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 'சட்டவிரோதப் பயன்பாடு என்றால் முன்னறிவிப்பின்றி நிறுத்துவேன்' என்று எழுதி வாங்கவில்லை என்றால், ஒப்பந்த மீறல் என்று அவர் உங்கள் மேல் திரும்பலாம். அதனால் எழுத்தில், குறுகிய கெடு வைத்து, லோகோவையும் பொருளையும் எடுக்கச் சொல்லுங்கள். போலிப் பொருள் விற்றவர் வழக்குப் போடுவாரா என்றால், என் கணிப்பில் போட மாட்டார். ஆனாலும் மெயில் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகப்போகிறது? அது பாஸ்வேர்டோ கார்டு எண்ணோ திருடும் ஃபிஷிங் பக்கமாக இருந்தால் மட்டும் கெடு எதுவும் வேண்டாம், உடனே துண்டியுங்கள். 2024 ஏப்ரலிலிருந்து அந்த மாதிரிப் புகாரில் ஆதாரம் இருந்தால் ரெஜிஸ்ட்ராரே நடவடிக்கை எடுத்தாக வேண்டும். அவர்கள் முடக்குவதற்குள் நீங்கள் செய்தால் நல்லது.

அடுத்த ஆளுக்கு விடும்போது ஒன்றைக் கட்டாயம் எழுதுங்கள்: அந்தப் பெயரில் அவர் ட்ரேட்மார்க் பதிவு செய்யக் கூடாது. இல்லையென்றால் சில வருடம் வியாபாரம் செய்து பெயர் வாங்கியபின், உங்கள் டொமைனையே அவர் தன்னுடையது என்பார். எடுத்தவரின் உண்மையான பெயரும் முகவரியும் முதலிலேயே வாங்கிச் சரிபாருங்கள். அந்த 7 நாளில் கொடுக்க வெறும் இலவச மெயில் முகவரிதான் இருக்கிறது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

திண்ணைவாசி:
வக்கீலுக்குப் பதில் போய்விட்டது, எடுத்தவரின் விவரமும் சேர்த்துத்தான். எடுத்தவருக்கும் கெடு வைத்து எழுதிவிட்டேன், உடனே லோகோவை எடுத்துவிட்டார், பொருள் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. கெடு முடிந்தால் நிறுத்தப் போகிறேன். நிறுத்தினால் அந்த டொமைனுக்கு வரும் மெயில்கள் என்ன ஆகும்?

குத்தகைச்சீட்டு:
நேம்சர்வர் உங்களிடம் திரும்பியதும் எம்எக்ஸ் பதிவை (மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் குறிப்பை) காலியாக விடுங்கள். எல்லா மெயிலும் உங்களுக்கு வருகிற மாதிரி வைத்தால், அவருடைய வாடிக்கையாளர்களின் ஆர்டர், வங்கி மெயில் எல்லாம் உங்கள் பெட்டியில் விழும். அது தனி வழக்கு. டொமைன் ஸ்பேம் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று ஸ்பாம்ஹாஸிலும், ஆபத்தான தளங்களின் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று கூகுள் சேஃப் பிரவுசிங்கிலும் பார்த்துவிட்டு, அப்புறம் அடுத்த ஆளுக்கு விடுங்கள்.