புதுப்பிப்பு: ஒரே அளவு இரும்பு, ஏன் வேறு வேறு டி2?

முந்தைய இழையில் கேட்டது இதுதான்: இரும்பு ஆக்சைடு நுண்துகள்களை நீரில் கலந்து எம்ஆர்ஐயில் அளக்கிறோம். அதே அளவு இரும்பைச் செல்கள் விழுங்கிய பிறகு அளந்தால் டி2 நீள்கிறது, டி2* குறுகுகிறது (இரண்டுமே எம்ஆர்ஐ சமிக்ஞை தேயும் நேரங்கள்: டி2* புலச் சீரின்மையின் விளைவையும் சேர்த்து அளப்பது, டி2 அதைப் பெரும்பாலும் திருத்தி அளப்பது). ஏன்?

விடை துகள்கள் இருக்கும் நிலையில் இருக்கிறது. செல்லுக்குள் அவை லைசோசோம்களில் (செல்லின் செரிமானப் பைகளில்) திரண்டுவிடுகின்றன. 5 நானோமீட்டர் ஆரமுள்ள தனித்துகளை நீர் மூலக்கூறு சில நானோநொடிகளில் கடந்துவிடும். அதன் காந்தப்புலம் சராசரியாகிக் கரைந்துவிடும். திரளின் ஆரம் 500 நானோமீட்டர் என்றால் கடக்கும் நேரம் 100 மடங்கு அல்ல, 10,000 மடங்கு. விரவல் நேரம், அதாவது நீர் மூலக்கூறு தாறுமாறாக நகர்ந்து கடக்கும் நேரம், ஆரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதுதான் இங்கே எல்லாவற்றுக்கும் வேர்.

அப்போது நீரின் புரோட்டான் (எம்ஆர்ஐ சமிக்ஞை தரும் ஹைட்ரஜன் அணுக்கரு) ஏறக்குறைய ஒரே புலத்தில் நிற்கிறது. புலம் இடத்துக்கு இடம் வேறுபடுவதால் புரோட்டான்களின் சுழற்சிக் கட்டங்கள் (phase) ஒன்றோடொன்று ஒத்துப்போகாமல் சிதறுகின்றன, டி2* சரிகிறது. ஆனால் டி2 அளக்கும் ஸ்பின் எதிரொலி முறையின் 180 பாகை ரேடியோத் துடிப்பு அந்தச் சிதறலில் பெரும்பகுதியைத் திருப்பிச் சேர்த்துவிடுகிறது. அதனால்தான் டி2 தப்புகிறது. எதிரொலிகளுக்கு இடையிலான நேரத்தைக் கூட்டினால் டி2-உம் குறையும்.

எனக்கு மிகவும் பிடித்தது இந்த வேறுபாடுதான்: டி2, டி2* இரண்டும் எவ்வளவு விலகுகின்றன என்பதே துகள்கள் திரண்டிருப்பதற்கான தடயம். டி1 (புரோட்டான்கள் காந்தப்புலத் திசைக்கு மீளும் நேரம்) மீதான விளைவும் குறையும், திரளின் உட்புறத்தை நீர் எளிதில் தொடுவதில்லை.

அளப்பவர்களுக்கு ஒன்று: இரும்பு மிகுந்த இடத்தில் சமிக்ஞை சில மில்லிநொடிகளிலேயே இரைச்சலில் மூழ்கிவிடும். முதல் எதிரொலியை 1 மில்லிநொடியை ஒட்டி எடுங்கள். இரைச்சலில் மூழ்கிய பிந்தைய எதிரொலிகளையும் அப்படியே சேர்த்துத் தேய்வு வளைவைப் பொருத்தினால் டி2* உண்மையைவிட நீளமாகத் தெரியும்.