அட்டையில் இருப்பது அம்மாவின் முகம் இல்லை. ஓட்டுப் போட விடுவார்களா?

மூத்தமகள்:
அம்மாவுக்கு வயது 68. வாக்காளர் அடையாள அட்டையில் பெயர், அப்பா பெயர், முகவரி எல்லாம் சரி. படம் மட்டும் யாரோ ஓர் அம்மாளுடையது. "என்னைவிட லட்சணமாகத்தான் இருக்கிறாள், விடு" என்று திருத்தாமலே வைத்திருக்கிறார். போன தேர்தலில் இதற்கு வெட்கப்பட்டு பூத் சிலிப்பை மட்டும் கொண்டு போனார். அது போதாது என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ரேஷன் கார்டை எடுத்துப் போனார், அதுவும் செல்லாதாம். மூன்றாம் நடைக்கு முட்டி ஒத்துழைக்கவில்லை. அடுத்த முறை எதைக் கொடுத்தனுப்புவது? ஆதாரில் பெயரோடு இன்ஷியல் இருக்கிறது, பட்டியலில் இல்லை. அதற்கும் தகராறு வருமா?

கடைசி பெஞ்ச்:
ஆதாரைக் கைப்பேசியில் இறக்கிக் காட்டினால் முடிந்தது. இதற்கா இவ்வளவு கவலை?

சாக்பீஸ்:
தம்பி, கைப்பேசியை வாக்குச்சாவடிக்குள் கொண்டுபோகவே கூடாது. அட்டையைக் கையில்தான் கொண்டுபோக வேண்டும்.

நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஏழு தேர்தல்களில் வேலை பார்த்தவன். சகோதரி, சிலிப்பையும் ரேஷன் கார்டையும் மறுத்தது விதிப்படி சரிதான். சிலிப் ஒருகாலத்தில் செல்லுபடியானது; 2019 முதல் அதை மட்டும் காட்டி ஓட்டுப் போட முடியாது. பாகம் எண், வரிசை எண் தெரிந்துகொள்ள மட்டும்தான் அது. ஆனால் இன்னின்னது செல்லும் என்று அங்கேயே ஒருவர் சொல்லியிருந்தால் உங்கள் அம்மாவுக்கு ஒரு நடை மிச்சமாகியிருக்கும். அதைச் சொல்லாதது தப்பு.

2024 மக்களவைத் தேர்தலில் வாக்காளர் அட்டைக்குப் பதிலாக 12 ஆவணங்களை ஏற்றார்கள். ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், படம் ஒட்டிய வங்கி அல்லது அஞ்சலகக் கணக்குப் புத்தகம், நூறு நாள் வேலை அட்டை, படத்துடன் கூடிய ஓய்வூதிய ஆவணம் எல்லாம் அதில் உண்டு. வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிந்தவர்களுக்கு மட்டும் அசல் பாஸ்போர்ட்டைத் தவிர வேறெதுவும் ஆகாது.

இன்ஷியல், எழுத்துப்பிழை பற்றிப் பயம் வேண்டாம். ஆள் இவர்தான் என்று தெரிந்தால் சின்னப் பிழைகளைப் பொருட்படுத்தக் கூடாது என்றே எங்களுக்கு உத்தரவு. படம் பொருந்தாவிட்டால் வேறு ஆவணம் கேட்க வேண்டும். ஆகவே ஆதாரைக் கொடுத்தனுப்புங்கள்.

ஆனால் தேர்தல் அறிவிக்கும் முன்பே பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லாவிட்டால் பன்னிரண்டு ஆவணத்தையும் மேசையில் பரப்பினாலும் எங்களால் ஒன்றும் செய்ய முடியாது. டி.என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த காலத்தில், 1993இல் இந்த அட்டை வந்ததிலிருந்து, அட்டை இருந்தால் ஓட்டு இருக்கிறது என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் கையில் இருக்கும் பட்டியலிலும் படம் உண்டு. அதிலும் அந்த அம்மாள்தான் சிரித்துக்கொண்டிருப்பார். படிவம் 8 கொடுத்து மாற்றிவிடுங்கள்.

கடைசி பெஞ்ச்:
ஒப்புக்கொள்கிறேன் ஐயா. ஒருவர் ஓட்டை இன்னொருவர் போட்டுவிட்டால், தேர்தல் விதி 49பி (49P) படி அவருக்குத் தனியாக ஒரு வாக்குச்சீட்டு தருவார்கள் என்கிறார்களே, அது நிஜத்தில் நடக்கிறதா?

சாக்பீஸ்:
நடக்கிறது. என்னாலேயே நடந்தது.

அந்த வருடம் நான் முதல்நிலை அலுவலர். அட்டையைப் பார்த்து வரிசை எண்ணை உரக்கச் சொல்வது என் வேலை. காலை ஏழரைக்கே வரிசை வாசலைத் தாண்டி நின்றது. அடுத்தடுத்த இரண்டு எண்களில் ஒரே பெயர். இன்ஷியல் மட்டும் வேறு. முதலில் வந்தவருக்கு மற்றவர் எண்ணைச் சொல்லிவிட்டேன். கட்சி முகவர்களும் கவனிக்கவில்லை. அவர் ஓட்டுப் போடுபவர்களைக் குறிக்கும் 17ஏ பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு, மை வைத்துக்கொண்டு, ஓட்டும் போட்டுவிட்டார். கள்ள ஓட்டு இல்லை, முழுக்க என் கண்ணின் அவசரம்.

பதினோரு மணிக்கு மற்றவர் வந்தார். விரலில் மை இல்லை, அட்டை சுத்தம், பட்டியல் படமும் அவரேதான். அவர் எண்ணுக்கு எதிரே இன்னொருவர் கையெழுத்து. தலைமை அலுவலர் விசாரித்துவிட்டு நீங்கள் கேட்ட 49பி சீட்டை, அதாவது டெண்டர் வாக்குச்சீட்டைக் கொடுத்தார். அது இயந்திரத்தில் விழும் ஓட்டு இல்லை, காகிதம். "எண்ணுவார்களா?" என்று கேட்டார். தனி உறையில் போகும், வழக்கு வந்தால் நீதிமன்றம் பார்க்கும் என்றோம். (2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் காங்கிரஸ் வேட்பாளர் சி.பி. ஜோஷி ஒரே ஓட்டில் தோற்றபோது இப்படிப்பட்ட சீட்டுகள் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. எங்கள் தொகுதியில் வித்தியாசம் ஆயிரக்கணக்கில்.) அவர் ஒன்றும் பேசாமல் முத்திரை குத்தி மடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். சண்டை போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அதன் பிறகு இன்ஷியலைக் கேட்காமல் நான் ஓர் எண்ணையும் சொன்னதில்லை. வரிசையில் நிற்பவர்கள் திட்டுவார்கள், திட்டட்டும்.

மூத்தமகள்:
நன்றி ஐயா. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். படிவம் 8 எழுதச் சம்மதித்துவிட்டார். அவருக்கு இப்போது வேறு கவலை: "என் முகத்தை வைத்துக்கொண்டு அந்த அம்மாள் எந்த பூத்தில் என்ன பாடுபடுகிறாளோ?"